உச்சியில் ஒரு புள்ளி: முடி உதிர்வு மருந்து ஆய்வில் ஒரு வருடம்

சலூன்காரர்தான் முதலில் சொன்னார். வெட்டி முடித்துப் பின்பக்கம் கண்ணாடி காட்டியவர், "உச்சியில கொஞ்சம் விட்டுப்போகுதுங்க, பாத்துக்கங்க" என்றார். அப்போது எனக்கு 25 வயது. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர் வேலை. எங்கள் ஊரில் முடி கொட்டினால் எல்லாரும் முதலில் குற்றம் சொல்வது போர் தண்ணீரை. உப்புத் தண்ணீரில் குளித்தால் முடி வறண்டு சிக்கு விழும், ஒடியும். ஆனால் நெற்றி ஏறுவதும் உச்சி தெரிவதும் அதனால் வருவதில்லை. இது எனக்குப் புரிய நான்கு வருடம் ஆயிற்று. அதற்குள் செம்பருத்தியும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு எல்லாம் அம்மா கையால் தலையில் ஏறின. ஒரு கிளினிக்கில் 42,000 ரூபாய்க்கு பேக்கேஜ் கட்டினேன். முதல் நாள் எடுத்த படத்தையும் கடைசி நாள் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். முதல் படத்தில் விளக்கு நேர் மேலே எரிந்தது, இரண்டாவதில் பக்கவாட்டில். அன்று இரவு வீட்டுக்கு வந்து குளியலறை பல்பின் கீழ் நின்று பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர் காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். உடம்பில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனை ஒரு நொதி டிஹெச்டி என்ற வேறு ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக அதனால் எளிதில் பாதிக்கப்படும் வேர்க்கால்கள் நெற்றியிலும் உச்சியிலும் இருந்தால், அவை ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் சுருங்கும். தடித்த முடி வளர்ந்த இடத்தில் பூனைமுடி வளரும். தாய்மாமனைப் பார்த்தால் போதும் என்று ஊரில் சொல்வது பாதிதான் உண்மை, அப்பா பக்கத்திலிருந்தும் வரும். 5 சதவீத மினாக்ஸிடில் லோஷன் எழுதிக் கொடுத்தார். எட்டு மாதம் போட்டேன். கொட்டுவது குறைந்தது, உச்சியில் கொஞ்சம் அடர்த்தியும் வந்தது.

அந்த நேரத்தில்தான் கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஆண்களுக்கு வரும் வழுக்கைக்குப் புது லோஷன், மூன்றாம் கட்ட ஆய்வு, 18 முதல் 45 வயது வரை உள்ளவர்கள் வரலாம் என்று போட்டிருந்தது. போன் செய்தேன். எடுத்த பெண்தான் பிறகு ஒரு வருடம் என்னைப் பார்த்துக்கொண்ட கோஆர்டினேட்டர். அவர் கேட்ட முதல் கேள்வி, "இப்ப தலைக்கு ஏதாவது போடறீங்களாண்ணா?"

மினாக்ஸிடில் என்றேன். அப்படியென்றால் ஆறு மாதம் நிறுத்திவிட்டு வரவேண்டும் என்றார். பழைய மருந்தின் பலன் தலையில் இருக்கும்போது புது மருந்தைச் சோதித்தால், வளர்ந்த முடி எதனால் வளர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிப் பழைய மருந்தை நிறுத்திவைக்கும் காலத்தை வாஷ்அவுட் என்கிறார்கள். ட்ரயலில் சேர நினைக்கும் ஒவ்வொருவரும் நின்று யோசிக்கவேண்டிய இடம் இதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மினாக்ஸிடில் தந்த முடி, அதை நிறுத்திய மூன்று நான்கு மாதங்களில் போய்விடும். அதாவது ட்ரயல் தொடங்கும் முன்பே நான் கொடுக்கவேண்டிய விலை ஒன்று இருந்தது. நேரில் போனபோது ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவும் அதை மறைக்கவில்லை. "உங்களுக்கு இந்த லோஷன் வேலை செய்யுது. இதையே தொடர்ந்து போடறதும் சரியான முடிவுதான். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். என்னைச் சேர்க்கவேண்டியவரே சேராமல் இருப்பதும் சரி என்று சொன்னதால்தான் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது.

அன்று வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் காதோடு ஒரு யோசனை சொன்னான். மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாதீர்கள், உடனே எடுத்துக்கொள்வார்கள் என்றான். அவன் முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் அதைச் செய்யவில்லை, யாரும் செய்யக்கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, இரண்டு மருந்து சேர்ந்து உடம்பில் என்ன செய்யும் என்பது நமக்கும் தெரியாது, நமக்கு வைத்தியம் பார்ப்பவருக்கும் தெரியாது. இரண்டு, அந்தப் பொய் எண்ணிக்கையில் ஏறும். நாளைக்கு இன்னொரு பையன் காசு கொடுத்து வாங்கும் மருந்தின் கணக்கில் நம் பொய் கலந்திருக்கும்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு மினாக்ஸிடிலை நிறுத்தினேன். அந்த ஆறு மாதம் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது மாதம் குளியலறைச் சல்லடையில் தினமும் ஒரு சுருள். அதே மாதம்தான் கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம். முன்பு எடுத்த போட்டோவில் இருந்த முடி அன்று என் தலையில் இல்லை. அந்த இடம் அமையவில்லை, காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் திரும்பி வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை. கல்யாணப் பேச்சு, வேலை மாற்றம் என்று வாழ்க்கையில் ஏதாவது நெருங்கி நிற்கும்போது வாஷ்அவுட் தேவைப்படும் ட்ரயலில் சேரலாமா என்று இரண்டு முறை யோசியுங்கள்.

இனி ஒப்புதல் படிவம். பத்தொன்பது பக்கம், தமிழில் இருந்தது. அங்கேயே படித்துக் கையெழுத்துப் போட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஈரோட்டில் நர்ஸாக இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்து, பேனாவோடு உட்கார்ந்து வரிக்கு வரி படித்தாள். நான் 'எனக்கு எவ்வளவு முடி வளரும்' என்று தேடிக்கொண்டிருந்தேன். அவள் படிவத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "டேய் தம்பி, இது உனக்குப் பார்க்கற வைத்தியம் இல்ல. அவங்களுக்கு ஒரு கேள்வி இருக்கு, அதுக்கு விடை தேடறாங்க. உன் தலையை அதுக்குக் கடன் கேக்கறாங்க. கொடுக்கலாமான்னு மட்டும் யோசி."

அந்த ஒரு பேச்சுக்குப் பிறகு படிவத்தை வேறு மாதிரி படித்தேன். மூன்று பேரில் இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு மருந்தில்லாத வெறும் லோஷன். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டு முடிவு செய்யும், எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 24 வாரம் போடவேண்டும், அப்புறம் நான்கு வாரம் மருந்தில்லாமல் கவனிப்பு. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், விலகினால் அதே மருத்துவமனையில் எனக்குக் கிடைக்கும் வழக்கமான வைத்தியம் நிற்காது.

அக்கா படிவத்தின் மேல் மூலையில் இருந்த சிடிஆர்ஐ எண்ணை, அதாவது இந்திய மருந்து ஆய்வுப் பதிவேட்டின் எண்ணை, போனில் தட்டினாள். இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகள் எல்லாம் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்தும் அந்தப் பதிவேட்டில் ஏறவேண்டும், 2009 ஜூன் முதல் அது கட்டாயம். எந்தெந்த ஊரில் நடக்கிறது, எத்தனை பேரைச் சேர்க்கிறார்கள், எதை அளக்கப்போகிறார்கள் என்று எல்லாம் அதில் இருந்தது. பணம் கட்டாமல் யாரும் பார்க்கலாம். எண் இல்லை, அல்லது எண்ணைப் போட்டால் வேறு எதுவோ வருகிறது என்றால் அதோடு விட்டுவிடலாம். இன்னொன்று, ஆய்வில் இருக்கும் மருந்துக்கு நம்மிடம் காசு வாங்க மாட்டார்கள். ட்ரயல் என்று சொல்லிக்கொண்டு ஊசிக்கு இவ்வளவு, சிட்டிங்குக்கு இவ்வளவு என்று கேட்டால் அது வியாபாரம்.

அவள் எழுதிக் கொடுத்த கேள்விகளை அப்படியே டாக்டரம்மாவிடம் கேட்டேன். மருந்தால் உடம்புக்கு ஏதாவது ஆனால் செலவு யாருடையது? 2019-ல் வந்த மருந்து ஆய்வு விதிகளின்படி வைத்தியம் இலவசம், பாதிப்பு ஆய்வால்தான் வந்தது என்றால் இழப்பீடும் உண்டு. மருந்து எனக்குப் பலித்தால், ட்ரயல் முடிந்த பிறகு தருவீர்களா? தரமாட்டோம், அனுமதி கிடைத்துக் கடைக்கு வரும்வரை கிடையாது. ஆறு மாதத்தில் வளரும் முடி அப்புறம் கொட்டிவிடுமா? கொட்டலாம். மனைவி கருவுற்றிருந்தால் அல்லது அதற்குத் திட்டமிருந்தால்? சேரக்கூடாது, ஆய்வு நடக்கும் காலம் முழுக்கக் கருத்தடை கட்டாயம். முடியை எண்ண அடையாளமாக உச்சியில் குத்தும் புள்ளி அழியுமா? அழியாது. கடைசிக் கேள்வி அக்காவே தொலைபேசியில் கேட்டது: புகார் சொல்ல, ஆய்வு நடத்துகிறவர்களைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவது? ஆய்வு முறையாக நடக்கிறதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் எண் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்கவேண்டும், மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த எண் எனக்குப் பின்னால் பயன்பட்டது.

படிவத்தில் இருந்த இன்னொரு வரியை நாங்கள் இரண்டு பேருமே தாண்டிப் போய்விட்டோம், அம்மாதான் பிடித்தாள். ஆய்வு முடியும்வரை மொட்டை அடிக்கக் கூடாது, முடியின் நீளத்தை மாற்றக் கூடாது, தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. என் வேலை நிரந்தரமானால் தைப்பூசத்துக்குப் பழனியில் முடி இறக்குவதாக அம்மா வேண்டியிருந்தாள். வேலை நிரந்தரமாகி இருந்தது. நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, "முருகன் கோவிச்சுக்க மாட்டான் சாமி. பங்குனி உத்திரத்துக்குப் போய்க்கலாம்" என்றாள். நம் ஊரில் ட்ரயல் நடத்துகிறவர்கள் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடவேண்டும். நேர்த்திக்கடனும் துக்கத்துக்கு மொட்டை போடுவதும் இல்லாத குடும்பம் எது?

ஆகஸ்ட்டில் சேர்ந்தேன். ரத்தம், சிறுநீர், ஈசிஜி, ரத்த அழுத்தம். பிறகு தலை. முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, தலையை அசையாமல் பிடித்து, ஒரே விளக்கில், ஒரே தூரத்தில் நான்கு பக்கமும் படம் எடுத்தார்கள். அந்தக் கிளினிக் நினைவுக்கு வந்தது. உச்சியில் முடி மெலியத் தொடங்கும் ஓரத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவுக்கு முடியை ஒட்டக் கத்தரித்தார்கள். நடுவில் ஊசியால் ஒரு கரும்புள்ளி குத்தினார்கள், எறும்பு கடித்த அளவுதான் வலி. ஒவ்வொரு முறையும் அதே இடத்தைக் கண்டுபிடித்து, உருப்பெருக்கும் கேமராவில் படம் எடுத்து, அதிலிருக்கும் முடியை எண்ணுவார்கள். முதல் நாள் என் எண்ணிக்கை எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். எண்ணுவது வேறு இடத்தில், எண்ணுகிறவருக்கும் அது யார் தலை என்று தெரியாது.

அன்று டாக்டரம்மா சொன்ன கதை ஒன்று எனக்கு மறக்காது. மினாக்ஸிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி முளைத்ததைப் பார்த்துத்தான் தலைக்குப் போடும் லோஷன் ஆனது, 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஃபினாஸ்டிரைடு மாத்திரைக்காக 18 முதல் 41 வயது வரையுள்ள 1553 ஆண்கள் ஆய்வில் நின்றார்கள். அவர்கள் உச்சியில் ஓர் அங்குல வட்டத்துக்குள் சராசரியாக 876 முடி இருந்தது. ஒரு வருடம் கழித்து மருந்து சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இடையில் 107 முடி வித்தியாசம். அந்த வித்தியாசத்தில் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் பங்கு இருக்கிறது, அவர்கள் இல்லாமல் 107 என்ற எண்ணே கிடைத்திருக்காது. நான் எட்டு மாதம் போட்ட லோஷனுக்குப் பின்னாலும் இப்படித் தலையைக் கடன் கொடுத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

தினமும் காலையிலும் இரவிலும் ஒரு மில்லி. தலை உலர்ந்திருக்க வேண்டும், போட்டபின் நான்கு மணி நேரம் நனையக்கூடாது. பைக்கில் ஹெல்மெட் போட்டு வேலைக்குப் போகிறவனுக்கு இது சுலபமில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து போட்டு, உலர்ந்த பிறகு கிளம்பப் பழகினேன். டைரி ஒன்று கொடுத்தார்கள், போட்ட வேளைக்கு ஒரு டிக். காலி பாட்டில்களைத் திரும்பக் கொண்டுபோகவேண்டும், அவற்றை எடை போடுவார்கள். அக்டோபரில் ஷிப்மென்ட் நெருக்கடியில் நான்கு நாள் ஃபேக்டரியிலேயே தூங்கினேன், ஏழு வேளை விட்டுப்போயிற்று. டிக் போட்டு நிரப்பிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. காலியாகவே விட்டுக் கொண்டுபோனேன். கோஆர்டினேட்டர் பார்த்துவிட்டு, "காலியா இருந்தா காலின்னு தெரியும்ணா. பொய் டிக் இருந்தாத்தான் எங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார்.

ஆறாவது வாரம் தலை அரித்தது, உச்சி சிவந்தது. இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டேன், மறுநாளே வரச்சொல்லிப் பார்த்தார்கள். சின்ன அரிப்புதானே என்று விட்டுவிடாதீர்கள், பின்னால் அந்த மருந்தின் பெட்டிக்குள் மடித்து வைக்கும் காகிதத்தில் இடம்பெறப்போவது இதுபோன்ற குறிப்புகள்தான். அரிப்பு வந்ததும் எனக்கு மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று உள்ளுக்குள் சந்தோஷம். டாக்டரம்மா அதையும் திருத்தினார். லோஷனில் மருந்தைக் கரைக்கப் போடும் புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது, வெறும் லோஷனிலும் அது இருக்கும் என்றார். அன்றோடு துப்பு தேடுவதை நிறுத்தினேன். நானே போனில் எடுத்த படங்களையும் அழித்துவிட்டேன். ஒரு நாள் நிறைய முடி இருப்பதுபோல் தெரியும், மறுநாள் எல்லாம் போய்விட்டதுபோல் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஆறு மாதத்தைக் கடத்த முடியாது.

தீபாவளிக்கு எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது நான் உடம்புக்கு மட்டும் தேய்த்தேன். அம்மா என் கையிலும் காலிலும் வைத்துவிட்டு, தலைக்கு நேரே விரலை மட்டும் சுற்றினாள்.

குறை ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் பயணச் செலவுக்கு 500 ரூபாய் என்று படிவத்தில் இருந்தது. மூன்று முறை அந்தப் பணம் வரவில்லை. கேட்டால் ஆய்வுக்குப் பணம் போடும் ஸ்பான்சரிடமிருந்து வரவேண்டும் என்றார்கள். திருப்பூரிலிருந்து போய்வர அரை நாள் சம்பளமும் போகிறது. பெரிய தொகை இல்லை, ஆனால் எழுதிக் கொடுத்த வார்த்தை அது. நெறிமுறைக் குழுவின் எண்ணுக்கு ஒரு மெசேஜ் போட்டேன், பத்து நாளில் மூன்று தவணையும் சேர்ந்து வந்தது. கோஆர்டினேட்டர் முகம் சுளிக்கவில்லை. மற்றவர்களுக்கும் அதே நேரத்தில் வந்ததாகச் சொன்னார்.

பிப்ரவரி தொடக்கத்தில் 24 வாரம் முடிந்தது. உச்சி கொஞ்சம் நிறைந்திருப்பதாக அக்கா சொல்கிறாள், அம்மாவுக்கு அப்படித் தெரியவில்லை. எனக்குக் கிடைத்தது எது என்று இன்னும் தெரியாது. எல்லா ஊரிலும் கடைசி ஆள் முடிக்கும்வரை, யாருக்கு எது என்ற உறையைத் திறக்க மாட்டார்கள். திறந்தால் சொல்லவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதை நீங்களாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் டாக்டரம்மா அடுத்து என்ன என்று உட்கார வைத்துப் பேசினார். மீண்டும் மினாக்ஸிடில் தொடங்கலாம், முதல் சில வாரம் அதிகமாகக் கொட்டும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றார். ஃபினாஸ்டிரைடும் ஒரு வழி. சிலருக்கு உடலுறவில் நாட்டமும் விறைப்பும் குறையலாம், அப்படி ஏதாவது தெரிந்தால் கூச்சப்படாமல் சொல்லவேண்டும் என்று நேராகவே சொன்னார். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக்கூடாது. அதைச் சாப்பிடுகிறவர்கள், நிறுத்தி ஒரு மாதமாவது ஆன பிறகே ரத்தம் கொடுக்கலாம். நான் வருடத்துக்கு மூன்று முறை ரத்தம் கொடுக்கிறவன், எங்கள் ஃபேக்டரி முகாமில் என் குரூப் ஆட்கள் குறைவு. அதனால் இப்போதைக்கு லோஷன் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன்.

மார்ச்சில் கவனிப்புக் காலமும் முடிந்தது. பங்குனி உத்திரத்துக்கு அம்மா, அக்கா, நான் மூன்று பேரும் பழனிக்குப் போனோம். முடி இறக்கும் இடத்தில் நல்ல கூட்டம். தலையை நனைத்துக் கத்தியை உச்சியிலிருந்து இழுத்தவர் பாதியில் கையை நிறுத்தினார்.

"என்ன சாமி, உச்சியில மச்சமா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "மச்சம் இல்லீங்க. முடியை எண்ணறதுக்கு வெச்ச புள்ளி."

அவருக்கு என்ன விளங்கியதோ, தலையை ஆட்டிவிட்டு மிச்சத்தையும் இறக்கினார். குளித்துவிட்டு வந்ததும் அக்கா சந்தனத்தைக் குழைத்து, அந்தப் புள்ளியிலிருந்து பூசத் தொடங்கினாள்.